பரணில் கிடந்த ஏழு பாடல்கள்: டெட்ரோயிட்டின் 'டெத்' இசைக்குழு

ஒரு இசைக்குழுவுக்கு 'சாவு' என்று பெயர் வைத்தால் யார் வந்து கேட்பார்கள்? 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில் மூன்று கறுப்பினச் சகோதரர்கள் அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். ஆங்கிலத்தில் 'டெத்'. கிற்றார் வாசித்த டேவிட் ஹக்னி, டிரம்ஸ் அடித்த டனிஸ் ஹக்னி, பேஸ் கிற்றார் வாசித்துக்கொண்டே பாடிய இளையவர் பொபி ஹக்னி. 1975 இல் ஏழு பாடல்களை ஒலிப்பதிவு செய்தார்கள். அவற்றுள் இரண்டை மட்டும் ஒரு சிறிய இசைத்தட்டாக, வெறும் 500 பிரதிகள், தங்கள் சொந்தச் செலவில் வெளியிட்டார்கள். அதை ஏறக்குறைய எவருமே கவனிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் குழு கலைந்தது.

34 ஆண்டுகளுக்குப் பிறகு, 2009 பெப்ரவரியில், அந்த ஏழு பாடல்களும் முழு இசைத்தொகுப்பாக வெளிவந்தன. அமெரிக்கப் பத்திரிகைகள் வியந்து எழுதின. பங்க் இசை என்று உலகம் பின்னர் பெயர் சூட்டிய ஒன்றை அதற்கு முன்பே வாசித்தவர்கள் இவர்கள் என்று இசை எழுத்தாளர்கள் சொன்னார்கள். இன்று 'டெத்' பெயர் பொறித்த ரீசேர்ட்டுகளை அணிந்து திரியும் இளைஞர்களில் பலர் அந்தப் பாடல்கள் பதிவானபோது பிறக்கவேயில்லை.

2009 பெப்ரவரி என்ற திகதியை வன்னி வாசகர் எவரும் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. அந்த மாதத்தில் எங்கள் சனம் சுதந்திரபுரத்திலும் இரணைப்பாலையிலும் மாத்தளனிலும் பதுங்குகுழிகளுக்குள் இருந்தது. அமெரிக்காவில் ஒரு குடும்பத்தின் பழைய ஒலிநாடா பரணிலிருந்து இறங்கி உலகத்தின் காதுக்குப் போய்க்கொண்டிருந்த அதே நாட்களில், இங்கே ஒலிநாடாப் பெட்டிகளைத் தெருவோரத்தில் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தோம். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் இந்த இசைக்குழுவைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு அந்தத் திகதி மனதை விட்டு அகலவில்லை. 'நல்ல கலை என்றைக்காவது வெளியே வந்தே தீரும்' என்பதற்கு உதாரணமாகத்தான் டெத் இசைக்குழுவின் கதையைப் பலரும் சொல்கிறார்கள். விபரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அந்த முடிவுக்கு என்னால் வர முடியவில்லை.

டெட்ரோயிட் கார்த் தொழிற்சாலைகளின் நகரம். கறுப்பின மக்களின் இசையை உலகத்துக்குக் கொண்டுபோன மோட்டவுன் நிறுவனத்தை பெரி கோர்டி 1959 இல் தொடங்கியதும் அங்கேதான். 1967 யூலையில் பொலிசாருக்கும் கறுப்பின மக்களுக்கும் இடையில் வெடித்த மோதலில் ஐந்து நாட்களில் 43 பேர் கொல்லப்பட்டார்கள். தெருத்தெருவாகக் கடைகள் எரிந்தன. 1972 இல் மோட்டவுன் நிறுவனமே நகரத்தை விட்டு லொஸ் ஏஞ்சல்சுக்குப் போனது. ஹக்னி சகோதரர்கள் வளர்ந்தது இந்தக் காலத்தில், நகரின் கிழக்குப் பகுதியில்.

1964 இல் பீற்றில்ஸ் குழு முதன்முதலாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது தகப்பன் பிள்ளைகளைக் கூட்டிவைத்து அதைப் பார்க்கச் சொன்னார். அடுத்த நாள் டேவிட் ஒழுங்கையொன்றில் எவரோ வீசிவிட்டுப் போன ஒரு கிற்றாரைக் கண்டெடுத்தார் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். அதில்தான் பழகினார். தம்பிமார் பின்னால் சேர்ந்தார்கள். வீட்டு அறையொன்றில் பயிற்சி, கார் நிறுத்தும் கொட்டகையில் முதல் கச்சேரிகள். முதலில் வைத்த பெயர் 'றொக் ஃபயர் ஃபங்க் எக்ஸ்பிரஸ்'. அப்போது அவர்கள் வாசித்தது அக்கம்பக்கத்தார் எதிர்பார்த்த இசைதான்: கறுப்பின இளைஞர்கள் ஆடுகின்ற ஃபங்க். பிறகு டேவிட் 'த ஹூ', 'அலிஸ் கூப்பர்' போன்ற றொக் குழுக்களின் பக்கம் சாய்ந்தார். தம்பிமாரையும் இழுத்துக்கொண்டு போனார். வெள்ளைக்காரரின் இசையை ஏன் வாசிக்கிறீர்கள் என்று சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். றொக் இசையின் வேர் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில்தான் இருக்கிறது என்பதை எவருக்கு விளங்கப்படுத்துவது?

இந்த இசை எப்படி இருக்கும் என்று கேட்கும் வாசகருக்கு ஒரு சொல். ஹார்ட் றொக் என்பது மின்கிற்றாரின் ஒலியை அது உறுமத் தொடங்கும்வரை கூட்டிவைத்து, டிரம்ஸை இறுக்கி அடித்து, அதற்கு மேலால் குரலை எறிந்து பாடுவது. பங்க் அதன் சுருங்கிய, வேகமான, அலங்காரங்களை உதறிய வடிவம். நியூயோர்க்கின் றமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1976 இல்தான் வந்தது. இங்கிலாந்தின் செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டும் அதே ஆண்டின் கடைசியில்தான். டெத் குழுவின் ஒலிப்பதிவு அவை இரண்டுக்கும் முந்தியது. அதற்காக 'பங்க் இசையைக் கண்டுபிடித்தவர்கள்' என்று இவர்களுக்கு முடிசூட்டுவது கொஞ்சம் மிகை. அதே டெட்ரோயிட் பக்கத்திலிருந்து வந்த எம்சி5, ஸ்ரூஜஸ் குழுக்கள் 1960களின் கடைசியிலேயே அந்தப் பாதையை வெட்டத் தொடங்கிவிட்டன. மூன்றே பேர், மூன்றே கருவிகள், அவ்வளவு வேகம், அதோடு தாளத்தில் ஃபங்க் பழகிய கைகளின் துல்லியம்: அந்தச் சேர்க்கைதான் இவர்களுடையது. இந்தப் பாணி இசை எனக்குப் பழக்கமில்லை. ஆனால் டனிஸின் டிரம்ஸைக் கேட்டபோது கோயில் திருவிழாவில் தவில்காரர் இருவர் போட்டிக்கு நிற்கும் நேரத்தில் வயிற்றுக்குள் ஏற்படுகிற அதே அதிர்வு வந்தது.

ஏழு பாடல்களும் சேர்ந்து அரை மணித்தியாலத்தை எட்டாது. அவற்றுள் நான் திரும்பத் திரும்பக் கேட்டது 'பொலிற்றீசியன்ஸ் இன் மை ஐஸ்'. தலைப்பே சொல்வதுபோல் அரசியல்வாதிகளைப் பற்றியது. வியட்நாம் போருக்கு இளைஞர்களை அனுப்பிவிட்டுத் தாங்கள் பாதுகாப்பாக இருந்தவர்கள் மீதான கோபம் அது. அந்தப் பாடலைக் கேட்பதற்கு எங்கள் வாசகர்களுக்குப் பெரிய ஆங்கிலம் வேண்டியதில்லை.

இனிப் பெயரின் கதை. சகோதரர்களின் தகப்பன் விபத்தொன்றில் இறந்துபோனார். குடிபோதையில் வாகனம் ஓட்டிவந்த ஒருவர் மோதியதால் வந்த சாவு. பிள்ளைகள் அப்போது இளைஞர்கள். மூத்தவராக நின்று இசைக்குழுவை நடத்திய டேவிட்டை அது உலுக்கியது. தகப்பனின் சாவுக்குப் பிறகு அவர் குழுவின் பெயரை மாற்ற வேண்டும் என்றார். சாவு என்ற சொல்லைக் கெட்ட பக்கத்திலிருந்து நல்ல பக்கத்துக்குத் திருப்புவதே அண்ணாவின் எண்ணம் என்றும், அதை மற்றவர்களை ஏற்கவைப்பது மிகக் கடினமாக இருந்தது என்றும் பின்னாளில் பொபி சொன்னார். டேவிட்டுக்குச் சாவு என்பது பிறப்பைப் போலவே எல்லோருக்கும் பொதுவான ஒரு பயணம். குழுவுக்கு முக்கோணச் சின்னம் ஒன்றையும் வரைந்தார்: ஆன்மா, மனம், உடல் என்று மூன்று முனைகள், அவற்றை வழிநடத்தும் கடவுளுக்கு ஒரு வட்டம்.

எங்களுடைய பேச்சில் இந்தச் சொல் படும் பாட்டை நினைத்துப் பார்க்கிறேன். வீட்டில் ஒருவர் இறந்தால் 'மோசம் போயிற்றார்' என்போம், 'தவறிப்போனார்' என்போம். ஆனால் அந்த வீட்டுக்குப் போவதை மட்டும் நேரடியாகச் 'செத்தவீட்டுக்குப் போறன்' என்று சொல்வோம். வன்னியில் ஒரு தலைமுறை 'வீரச்சாவு' என்ற சொல்லோடு வளர்ந்தது. காலையில் ஒலிபெருக்கியில் சோக இசை கேட்டால் எந்த வீட்டுப் பிள்ளையோ என்று தாய்மார் படலைக்கு வருவார்கள். 2009 க்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொல்லவே பயந்தோம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளுக்கு அதே சொல் இன்னொரு விதமாக மறுக்கப்பட்டிருக்கிறது; மரணச் சான்றிதழை வாங்கிக்கொள்ளச் சொன்னால், 'என்ர பிள்ளை செத்ததை நீங்கள் கண்டனீங்களோ' என்று கேட்கும் அம்மாக்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக இருக்கிறார்கள். இந்தப் பின்னணியில் இருந்து பார்க்கும்போது, தகப்பனைப் பறிகொடுத்த ஒரு இளைஞர் அந்தச் சொல்லையே எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. இசைத்தட்டு விற்பவர்களுக்குத்தான் அது விளங்கவில்லை.

1975 இல் டெட்ரோயிட்டின் புகழ்பெற்ற யுனைற்றட் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் இவர்கள் போனார்கள். ஜோன் லீ ஹூக்கர் போன்ற பெரும் கலைஞர்கள் ஒலிப்பதிவு செய்த இடம் அது. ஒலிப்பதிவாளர் ஜிம் விற்றி. பன்னிரண்டு பாடல்கள் பதிவதாகத் திட்டம். கொலம்பியா இசை நிறுவனத்தை நடத்திய கிளைவ் டேவிஸ் இவர்களில் அக்கறை காட்டினார் என்றும், பாடல்கள் பிடித்திருந்தும் பெயரை மட்டும் மாற்றச் சொன்னார் என்றும் குடும்பத்தார் சொல்கிறார்கள். டேவிட் மறுத்தார். தம்பிமாருக்கு உள்ளூர ஆசை இருந்தது. பெயரில் என்ன இருக்கிறது, மாற்றிவிட்டால் வாழ்க்கையே மாறிவிடுமே. ஆனால் அண்ணாவை மீறிப் போகவில்லை. ஆதரவு நின்றது. ஏழு பாடல்களோடு ஒலிப்பதிவும் நின்றது.

டேவிட் பிடிவாதக்காரரா, கொள்கைக்காரரா என்று அமெரிக்காவில் இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் அடுத்து என்ன கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பிடிவாதத்தின் விலையைத் தம்பிமாரும் சேர்ந்தே கட்டினார்கள் என்பதையும் மறைக்க முடியாது. அண்ணன் எடுத்த முடிவுக்கு வாழ்நாள் முழுக்கக் கட்டுப்பட்ட தம்பிமாரை எங்கள் ஊர்களில் தேடிப் போக வேண்டியதில்லை.

1976 இல் 'டிரையாங்கிள்' என்று தாங்களே ஒரு பெயர்ப்பட்டி உருவாக்கி, இரு பாடல்கள் கொண்ட அந்த 500 இசைத்தட்டுகளை அடித்தார்கள். வானொலிகள் அவற்றை ஒதுக்கின. அது டிஸ்கோ இசை எழுந்துவந்த காலம். 1977 அளவில் மூவரும் டெட்ரோயிட்டை விட்டு வடகிழக்கே வெர்மொண்ட் மாநிலத்தின் பேர்லிங்டன் நகருக்குப் போனார்கள். அங்கே 'ஃபோர்த் மூவ்மன்ற்' என்ற பெயரில், 1980களின் தொடக்கத்தில், கிறிஸ்தவ பக்திப் பாடல்களை றொக் இசையில் இரண்டு தொகுப்புகளாகத் தந்தார்கள். அவையும் போகவில்லை. 1982 இல் டேவிட் தனியே டெட்ரோயிட் திரும்பினார். பொபியும் டனிஸும் வெர்மொண்டிலேயே குடும்பமாகத் தங்கி, 'லாம்ப்ஸ்பிரட்' என்ற றெகே இசைக்குழுவைத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்குக்கூடப் பழைய இசைக்குழுவைப் பற்றிச் சொல்லவில்லை. தோற்றுப்போன ஒன்றைப் பற்றி என்னத்தைச் சொல்வது?

டேவிட் மட்டும் நம்பிக்கையைக் கைவிடவில்லை. தான் இறப்பதற்கு முன், 1975 இன் மூல ஒலிநாடாக்களைப் பொபியிடம் ஒப்படைத்தார். ஒருநாள் உலகம் இதைத் தேடி வரும், அப்போது இது உன்னிடம் இருக்க வேண்டும் என்ற கருத்துப்படச் சொன்னார். 2000 ஆம் ஆண்டு நுரையீரல் புற்றுநோயால் காலமானார். நாடாக்கள் வெர்மொண்ட் வீட்டுப் பரணில் கிடந்தன.

அதே காலத்தில் அந்த 500 இசைத்தட்டுகளில் எஞ்சியவை, அரிய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்களின் கைகளில் ஏறியிறங்கத் தொடங்கியிருந்தன. ஒரு பிரதிக்கு நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்தார்கள். ஒருவர் அதைக் கணினிக்கு மாற்ற, அது இணையத்தில் பரவ, 2008 அளவில் பொபியின் மகன்மாரின் காதுக்கு வந்து சேர்ந்தது. யாரோ பாடுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கியவர்கள் அது தங்கள் அப்பாவின் குரல் என்று கண்டுபிடித்தார்கள். இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு மயிர் கூச்செறிந்தது. இறந்தவர்களின், தொலைந்தவர்களின் குரலை ஏதோ ஒரு கைப்பேசியில் திடீரெனக் கேட்ட அனுபவம் எங்களில் கனபேருக்கு உண்டு. அப்பா உயிரோடு பக்கத்து அறையில் இருக்க, அவருடைய இருபது வயதுக் குரலை அந்நியர் வீட்டில் கேட்பது வேறு மாதிரி.

சிக்காகோவின் 'டிராக் சிற்றி' நிறுவனம் பரணிலிருந்த நாடாக்களைக் கொண்டு ஏழு பாடல்களையும் வெளியிட்டது. தொகுப்பின் பெயர் 'ஃபோர் த ஹோல் வேர்ல்ட் ரு சீ'. முழு உலகமும் பார்ப்பதற்காக என்று பொருள். 2009 செப்ரெம்பரில் பொபியும் டனிஸும், லாம்ப்ஸ்பிரட் குழுவின் கிற்றார் கலைஞர் பொபி டங்கனை டேவிட்டின் இடத்தில் நிறுத்தி, டெத் என்ற பெயரோடு மேடையேறினார்கள். மகன்மார் 'றஃப் பிரான்சிஸ்' என்ற குழுவைத் தொடங்கிப் பெரியப்பாமாரும் அப்பாவும் வாசித்த பாடல்களை வாசித்தார்கள். அந்தப் பெயர் பெரியப்பா டேவிட் தன் கடைசிக் காலத்தில் தனக்கே வைத்துக்கொண்டது. 2012 இல் 'எ பான்ட் கோல்ட் டெத்' என்ற ஆவணப்படம் வந்தது. ஆங்கிலம் விளங்குபவர்கள் அதைத் தேடிப் பாருங்கள். அண்ணாவைப் பற்றிப் பேசும் இடங்களில் அந்தச் சகோதரர்களின் முகத்தைப் பார்ப்பதற்காகவே பார்க்கலாம்.

ஆகவே இந்த ஏழு பாடல்கள் பிழைத்ததற்குக் காரணம் என்ன? தரம் மட்டும் என்றால் 1976 இலேயே பிழைத்திருக்க வேண்டும். மூல நாடா ஒரு கூரையின் கீழ் 30 ஆண்டுக்கு மேல் நனையாமல், எரியாமல் இருந்தது. அந்தக் கூரையின் கீழ் இருந்தவர்களை எவரும் துரத்தவில்லை. ஒலிப்பதிவுக்கூடத்தின் பெயர், திகதி, பாடியவர், எழுதியவர் எல்லாம் குடும்பத்துக்குத் தெரிந்திருந்தது. சொல்ல இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். இதில் ஒன்று குறைந்திருந்தாலும் கதை வேறு.

எப்படி வேறு என்பதற்குக் கம்போடியா சாட்சி. டெத் தன் பாடல்களைப் பதிவு செய்த அதே 1975 இல், ஏப்ரல் 17 அன்று, நொம் பென் நகரம் கெமர் ரூஜ் படைகளின் கையில் விழுந்தது. அதற்கு முந்திய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த நகரத்தில் உருவான றொக் இசை ஆசியாவில் தனித்துவமானது. சின் சிசாமுத், றொஸ் செரே சொதியா போன்ற பாடகர்களின் குரல் ஒவ்வொரு வீட்டு வானொலியிலும் ஒலித்தது. 'ட்ரக்கார்' என்ற ஹார்ட் றொக் குழு 1974 இல், நகரத்தைச் சுற்றிப் போர் நெருங்கிக்கொண்டிருக்கும்போதே, இசைத்தொகுப்பு வெளியிட்டது. அடுத்த ஆண்டு நகரத்து மக்கள் முழுப்பேரையும் வீடுகளிலிருந்து வெளியேற்றி நாட்டுப்புறத்துக்கு நடத்திச் சென்றார்கள். 1979 தொடக்கம்வரையான ஆட்சியில் ஏறக்குறைய 17 இலட்சம் பேர் இறந்தார்கள். சிசாமுத்தும் சொதியாவும் அதற்குள் காணாமல் போனார்கள். எங்கே, எப்படி என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. மூல நாடாக்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்தன. தப்பியவை, தப்பியோடிய மக்களின் பைகளுக்குள் இருந்த இசைத்தட்டுகளும் பிரதிக்குப் பிரதி எடுத்த கசெற்றுகளும்தான்.

1996 இல் அமெரிக்காவில் 'கம்போடியன் றொக்ஸ்' என்ற பெயரில் அந்தப் பாடல்கள் ஒரு தொகுப்பாக வந்தன. கம்போடியாவுக்குச் சென்ற பயணி ஒருவர் அங்கே வாங்கிய கசெற்றுகளிலிருந்து எடுத்தவை. இசைத்தட்டில் பாடகர் பெயர் இல்லை, பாடல் பெயரும் இல்லை. வெளிநாட்டு இரசிகர்கள் அந்த இசையைக் கொண்டாடினார்கள். பாடியவர் யார் என்பது தெரியாமலே. பெயர்களைத் திரும்பப் பொருத்துவதற்கு ஆண்டுகள் பிடித்தன. 2014 இல் ஜோன் பிரோசி இயக்கிய 'டோன்ற் திங்க் ஐ'வ் ஃபோர்கொட்டன்' ஆவணப்படம் அந்த முகங்களையும் பெயர்களையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. டெத் குழுவின் நாடாவுக்கு ஒரு வீடு இருந்தது. கம்போடியப் பாடல்களுக்கு இருந்தது எவரெவரோ செய்துவைத்த பிரதிகள்.

எங்களுக்குக் கிட்டவும் இப்படி ஒன்று உண்டு. 1970களில் பம்பாயில் இயங்கிய 'அற்றொமிக் ஃபொறஸ்ற்' என்ற ஹார்ட் றொக் குழு. பேஸ் கிற்றார் கலைஞர் கீத் கங்காவைச் சுற்றி உருவானது. அவர்களுடைய 'ஒப்செஷன் 77' தொகுப்பு 1980களின் தொடக்கத்தில் வெளிவந்து விற்காமல் ஒதுங்கியது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதைத் தேட, அமெரிக்காவின் 'நவ்-எகெயின்' நிறுவனம் மறுபதிப்புச் செய்தது. இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் எனக்கு ஒரு உறுத்தல்: முதலில் தேடி வருபவர் எப்போதும் பணமுள்ள வெளிநாட்டுச் சேகரிப்பாளர்தான். சொந்த ஊரில் தேடுபவர் இல்லை.

வன்னியில் இசை இருந்த விதத்தை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி வருவதில்லை, மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலியும் ரேப்பும் பாடின. சுற்றும் கை களைத்தால் பாட்டு இழுபடும். 'ஒலிப்பேழை' என்ற சொல்லும், பிறகு 'இறுவட்டு' என்ற சொல்லும் அங்கே பேச்சுவழக்காகவே இருந்தன. எஸ்.ஜி. சாந்தன் போன்றவர்களின் குரல் கிராமம் கிராமமாகப் போனது அந்தப் பேழைகளில்தான். அவர் 2017 பெப்ரவரியில் காலமானபோது கிளிநொச்சி எப்படித் திரண்டது என்பது பலருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் வீட்டுப் பெட்டிகளுக்குள் இருந்தவை மேடைப் பாட்டுகள் மாத்திரமல்ல. இலங்கை வானொலியிலிருந்து விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருந்து பதிந்த பாடல்கள், நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் காலத்துப் பொப் பாடல்கள், முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்து, தேவாலயப் பாட்டுகள், கலியாண வீட்டில் பதிந்த நாதஸ்வரம். இவற்றோடு, கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டுச் சுவிசிலிருந்தும் கனடாவிலிருந்தும் பிள்ளைகள் பேசி அனுப்பிய கசெற்றுகள். பேச்சுக்கு நடுவில் அழுகை வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி பதிந்திருப்பார்கள். அந்த 'டக்' சத்தம் நாடாவில் இருக்கும்.

2008 கடைசியில் கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டபோது பல வீடுகளில் இந்தப் பெட்டிகளும் உழவு இயந்திரத்தில் ஏறின. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று ஒவ்வோர் இடப்பெயர்விலும் சுமை குறைந்தது. முதலில் கதிரை மேசை, பிறகு தையல் இயந்திரம், பிறகு புத்தகம், ஒலிநாடா. சிலர் பிளாஸ்ரிக் பரலுக்குள் போட்டுப் புதைத்தார்கள். முள்ளிவாய்க்காலைத் தாண்டிச் செட்டிகுளம் முகாமுக்கு வந்தவர்களின் கையில் உடுபுடவைப் பையே பெரிது. ஊருக்குத் திரும்பியபின் தோண்டி எடுத்தவர்களும் உண்டு. எடுத்ததைத் தாங்களே எரித்தவர்களும் உண்டு. 1979 இல் தற்காலிகமானது என்று சொல்லிக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் உயிரோடிருக்கும் நாட்டில், எந்தப் பேழையில் என்ன இருக்கிறது என்று போட்டுப் பார்க்கும் துணிவு எல்லோருக்கும் வராது. கூத்தும் தேவாரமும் பிள்ளையின் குரலும் அதே நெருப்பில் போயின.

எஞ்சியவை இன்று கம்போடியக் கதைபோலப் பிரதிகளாகத்தான் இருக்கின்றன: ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் உறவினரின் நிலவறைகளில், யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் முன்பு ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்தவர்களின் அலுமாரிகளில். ஒரு பிரதி கிடைத்தால் அதை உடனே போட்டுக் கேட்கத்தான் மனம் வரும். அந்த அவசரம் ஆபத்து. காந்தநாடா என்பது மெல்லிய பிளாஸ்ரிக் பட்டியில் இரும்பு ஒட்சைட்டுத் துகளைப் பசையால் ஒட்டிய ஒரு பொருள். எங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளையாகத் தூள் தெரிந்தால் ரேப்பில் போடவே கூடாது, இயந்திரத்தின் தலையையும் கெடுத்து அடுத்த நாடாவுக்கும் பரவும். 90 நிமிடக் கசெற்றின் நாடா 60 நிமிடத்தினதைவிட மெல்லியது, இழுபட்டுச் சிக்கும். வெளிக்கூடு உடைந்திருந்தால் கவலையில்லை: திருகாணி போட்ட இன்னொரு கசெற்றின் கூட்டுக்குள் நாடாச் சுருளை மாற்றி வைக்கலாம். பெரிய ஒலிப்பதிவுக்கூட நாடாக்களில் பசை ஈரம் குடித்து இளகிவிட்டால், அவற்றை 50 பாகை செல்சியசுக்குச் சற்று மேலான வெப்பத்தில் பல மணித்தியாலம் உலர்த்திய பிறகே ஓட்டுகிறார்கள். அது வீட்டில் செய்து பார்க்கும் வேலையல்ல. சாதாரணக் கசெற்றுக்குப் பொதுவாகத் தேவைப்படுவதும் இல்லை. பூஞ்சணம் இல்லாத கசெற்றை முதலில் ஒருதரம் கடைசிவரை ஓட்டித் திருப்பிவிட்டு, முதல் ஓட்டத்திலேயே கணினிக்குப் பதிந்துவிடுவது நல்லது. இரண்டாவது ஓட்டம் கிடைக்குமென்று நிச்சயமில்லை.

பிளாஸ்ரிக் உறைக்குள் இருக்கும் அட்டையையும் படம் எடுத்து வையுங்கள். பாடியவர், எழுதியவர், தவில் அடித்தவர், எந்தக் கோயில், எந்த ஆண்டு என்று யாரோ நீலப் பேனையால் எழுதியிருப்பார்கள். அட்டை இல்லையென்றால், அந்தக் குரலை அடையாளம் சொல்லக்கூடிய அம்மாவையோ பெரியம்மாவையோ பக்கத்தில் இருத்தி, அவர் சொல்வதையும் அதே கோப்பின் கடைசியில் பதிந்துகொள்ளலாம்.